எரிமலை பொங்கி முடிந்தது, அப்புறம்? தொடக்கப்பள்ளிக்கான கைவேலை அறிவியல் பற்றி

ஓர் ஆசிரியை கேட்டிருக்கும் கேள்வி இதுதான். ஈராசிரியர் பள்ளி, மூன்று, நான்கு, ஐந்து மூன்று வகுப்பும் ஒரே அறையில், ஆய்வகம் கிடையாது, செலவு கைக்காசு. யூடியூப் பார்த்து ஆப்பசோடாவும் வினிகரும் ஊற்றி எரிமலை செய்து காட்டியிருக்கிறார் அந்த ஆசிரியை. பிள்ளைகள் கைதட்டி, "இன்னொரு தடவை டீச்சர்" என்று கத்தி, அதோடு சரி; ஒரு பிள்ளைகூட ஏன் என்று கேட்கவில்லை. உருப்படியாக வேறென்ன செய்யலாம் என்கிறார்.

டீச்சர், பிள்ளைகள் மேல் தப்பில்லை. நுரை பொங்கும் என்று எல்லாருக்கும் தெரியும், பொங்கியது, இதில் கேட்க என்ன இருக்கிறது? தீபாவளிக்குப் புஸ்வாணம் பார்க்கிற மாதிரிதான் பார்த்திருப்பார்கள். ஒரு சோதனை வகுப்புக்கு உதவுமா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: செய்வதற்கு முன்னால் "என்ன ஆகும்?" என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிய வேண்டும். பாதிப் பேர் இப்படி, பாதிப் பேர் அப்படி என்று கை தூக்க வேண்டும். எல்லாரும் ஒரே பதில் சொன்னால் அது சோதனை இல்லை, வேடிக்கை. பிரிந்துவிட்டால் நீங்கள் பாதி வேலையை முடித்துவிட்டீர்கள், ஏனென்றால் தான் சொன்னது சரியா என்று பார்க்க ஒவ்வொரு பிள்ளையும் எக்கி எக்கி நிற்கும்.

அதனால் எரிமலையைக் குப்பையில் போட வேண்டாம், கொஞ்சம் மாற்றினால் போதும். ஒரே மாதிரியான நான்கு சின்ன தண்ணீர் பாட்டில்களில் கால் டம்ளர் வினிகர் ஊற்றுங்கள். நான்கு பலூன்களில் ஆப்பசோடாவைப் போட்டு (கால் ஸ்பூன், அரை ஸ்பூன், ஒன்று, இரண்டு) பலூன் வாயை பாட்டில் வாயில் மாட்டி, பலூனைத் தூக்கிச் சோடாவைக் கொட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் கேள்வி: இரண்டு ஸ்பூன் போட்ட பலூன் ஒரு ஸ்பூன் போட்டதைவிட இரண்டு மடங்கு ஊதுமா? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் போட்டு ஆமாம் என்பார்கள். ஊதாது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இருக்காது, இரண்டு ஸ்பூன் பாட்டிலில் வெள்ளைப் பொடி அடியில் அப்படியே கிடக்கும். வினிகர் தீர்ந்துவிட்டது, சோடா மிச்சம். இதை நீங்கள் சொல்லவே கூடாது. "சோடா மிச்சம் கிடக்கே டீச்சர், இன்னும் கொஞ்சம் வினிகர் ஊத்தலாமா?" என்று யாராவது கேட்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இதில் ஆசிரியருக்கு உள்ள கஷ்டமான வேலை. பலூனை பாட்டிலோடு ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், பிய்த்துக்கொண்டு போனால் வினிகர் கண்ணில் படும்.

அடுத்தது பயறு. எல்லாப் பள்ளியிலும் செய்கிறார்கள், எல்லாப் பள்ளியிலும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பச்சைப்பயறை ஊறவைத்து, ஈரப் பஞ்சில் போட்டு, முளைத்ததும் "விதை முளைக்க நீர், காற்று தேவை" என்று எழுதிப்போட்டு முடித்துவிடுவது. சுவாரசியமே அதற்கப்புறம்தான். இரண்டு கொட்டாங்குச்சியில் மண் நிரப்பி இரண்டிலும் ஊறின பயறு போடுங்கள். ஒன்று ஜன்னலில், ஒன்று பீரோவுக்குள். ஒரு வாரம் கழித்து எது உயரமாக இருக்கும்? கிட்டத்தட்ட மொத்த வகுப்பும் வெளிச்சத்தில் இருப்பதுதான் என்று சொல்லும், அப்படித்தானே நாம் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ஆனால் எங்கேயும் ஒரு பிள்ளையாவது மாற்றிச் சொல்லும், அது பெரும்பாலும் அம்மன் கோயில் முளைப்பாரி போடுகிற வீட்டுப் பிள்ளையாக இருக்கும். முளைப்பாரியை வெளிச்சம் படாத அறையில் வைத்து வளர்ப்பதைப் பார்த்திருக்கும், வெளிர்மஞ்சளாக நெடுநெடுவென்று வளர்ந்து நிற்பதையும் பார்த்திருக்கும். அந்தப் பிள்ளையைப் பேசவிடுங்கள். பீரோவைத் திறக்கும்போது உள்ளே இருப்பது ஜன்னலில் இருப்பதைவிட உயரமாக, ஆனால் தண்டு நூல் மாதிரி மெலிந்து, இலை விரியாமல், பச்சையே இல்லாமல் இருக்கும். வெளிச்சத்தைத் தேடி விதைக்குள் இருந்த சாப்பாட்டை எல்லாம் உயரத்துக்கே செலவழித்திருக்கிறது. உயரமாக இருப்பது நன்றாக இருப்பது ஆகாது என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிந்துவிடும். பிறகு அதை எடுத்து ஜன்னலில் வைத்து, பச்சை திரும்புமா என்று அடுத்த பந்தயம் கட்டலாம். (திரும்பும், ஒன்றிரண்டு நாளில்.)

அதே பயறில் இன்னொன்று. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலின் உள்பக்கச் சுவரை ஒட்டிச் செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே பயறைச் செருகி, அடியில் இரண்டு விரல் தண்ணீர். வேர் இரண்டு சென்டிமீட்டர் வந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு (தாளின் ஈரம் போதும்) மூடி, பாட்டிலைப் படுக்கவைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் வேர் முனை கீழே வளைந்திருக்கும். திருப்பி வைத்தால் திருப்பி வளையும். பிள்ளைகள் விடாமல் திருப்பிக்கொண்டே இருப்பார்கள், செடி பாவம்.

சரி, தண்ணீர் பாட்டிலில் மூன்று துளை போடும் சோதனை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நிறைய புத்தகங்களில் இதன் படம் தப்பு. ஒரு லிட்டர் பாட்டிலில் ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று துளை, ஆழத்துக்கேற்ப அழுத்தம் கூடும், அதனால் கீழ்த்துளைத் தண்ணீர் அதிக தூரம் போய் விழும் என்று படம் போட்டிருப்பார்கள், அதிலும் பாட்டில் தரையிலேயே நிற்கும். செய்து பாருங்கள். பாட்டிலின் உயரத்தைக் கால், அரை, முக்கால் என்று பிரித்து, சூடான ஊசியால் நீங்களே துளை போடுங்கள். பிசிர் இருந்தால் தண்ணீர் கோணலாகப் போகும், பிளேடால் சீவிவிடுங்கள். துளைகளை டேப்பால் மூடி, விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, சமதரையில் வைத்து டேப்பைப் பிரித்துவிட்டு, மட்டம் குறையாமல் ஒரு பிள்ளை மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்கட்டும். அதிக தூரம் போவது நடுத்துளைத் தண்ணீர். மேல்துளையும் கீழ்த்துளையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். இப்போது அதே பாட்டிலை ஸ்டூல் மேல் வைத்து, தண்ணீர் தரையில் விழும்படி விட்டால் கீழ்த்துளை ஜெயிக்கும்.

ஏன்? கீழ்த்துளைத் தண்ணீர் வேகமாகத்தான் கிளம்புகிறது, ஆனால் தரை பக்கத்திலேயே இருப்பதால் தூரம் போக நேரமில்லாமல் விழுந்துவிடுகிறது. மேல்துளைக்கு நேரம் நிறைய, வேகம் இல்லை. நடுத்துளைக்கு இரண்டும் ஓரளவு உண்டு. ஸ்டூல் மேல் வைத்ததும் எல்லாத் துளைக்கும் விழ நேரம் கிடைத்துவிடுவதால் வேகம் முந்திக்கொள்கிறது. துளையில் வரும் வேகத்தைச் சொல்லும் டோரிசெல்லி விதி, தண்ணீர் வளைந்து விழும் பாதையான பரவளையம் எதுவும் வேண்டாம், ஐந்தாம் வகுப்புக்கு இவ்வளவு போதும். மூன்றாம் வகுப்புக்கு இதுகூட வேண்டாம், தண்ணீர் விழுந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு அளந்தால் போதும். ஒரே அறையில் மூன்று வகுப்பு என்று வருத்தப்படுகிறீர்கள், இந்த மாதிரி வேலைக்கு அது நல்லதுதான்: சின்னதுகள் வரையட்டும், நடுவில் உள்ளவர்கள் அளக்கட்டும், பெரியவர்கள் "ஸ்டூலுக்குப் பதில் மேஜை மேல் வைத்தால்?" என்று ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்க்கட்டும். பாட்டில் மூடியை இறுக்கமாக மூடினால் துளைகளில் தண்ணீர் வருவது குறைந்து போகும். அதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள், நிச்சயம் யாராவது மூடியைத் திருகிப் பார்ப்பார்கள்.

தப்பு என்று சொன்னதும் ஞாபகம் வருவது மெழுகுவர்த்தி. தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் மெழுகுவர்த்தி அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு, அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கவனித்துப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்காது. டம்ளரை வைக்கும்போதே விளிம்பு வழியாகக் குமிழ்கள் வெளியே வருவது தெரியும், அது சூட்டில் விரிந்து தப்பிக்கும் காற்று. தண்ணீர் பெரும்பாலும் எப்போது ஏறுகிறது? எரியும்போது இல்லை, அணைந்த பிறகு சட்டென்று. ஆக்சிஜன் தீர்வதுதான் காரணம் என்றால் எரிய எரியக் கொஞ்சம் கொஞ்சமாக அல்லவா ஏற வேண்டும்? போதாக்குறைக்கு மூன்று மெழுகுவர்த்தி வைத்துச் செய்தால் தண்ணீர் இன்னும் அதிகமாக ஏறும், உள்ளே இருந்த ஆக்சிஜன் என்னவோ அதே அளவுதான். சூடான காற்று வெளியேறி, மிச்சம் குளிர்ந்து சுருங்கியதால்தான் தண்ணீர் ஏறுகிறது. ஒரு மெழுகுவர்த்தியா மூன்றா, எதில் அதிகம் ஏறும் என்று கேட்டு ஓட்டெடுங்கள், வகுப்பு அழகாகப் பிரியும். பற்றவைப்பதும் கவிழ்ப்பதும் உங்கள் கையால், பிள்ளைகள் இரண்டடி தள்ளி.

நாணயமும் காந்தமும் ஐந்து நிமிட வேலை, ஆனால் மறக்க மாட்டார்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ரேடியோ ரிப்பேர் கடையில் கேட்டால் கிடைக்கும். உலோகம் எல்லாமே காந்தத்தில் ஒட்டும் என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ரூபாய் ஒட்டும், மஞ்சள் நிற ஐந்து ரூபாய் ஒட்டாது. சத்துணவுத் தட்டு, டம்ளர் எல்லாம் எவர்சில்வர்தான், அதிலேயே சிலது ஒட்டும் சிலது ஒட்டாது, வீட்டில் போய் அம்மா பாத்திரத்தை எல்லாம் சோதித்துவிட்டுத்தான் மறுநாள் வருவார்கள். மைதானத்து மண்ணில் காந்தத்தைப் புரட்டினால் கறுப்புத் துகள் மொய்க்கும். அதற்கு முன் காந்தத்தை ஒரு பாலிதீன் கவரில் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் துகளைச் சுரண்டியெடுப்பதிலேயே மத்தியானம் போய்விடும். கவரில் போட்டால் காந்தத்தை உருவியதும் துகள் தானாக உதிரும்.

கமலா ஆரஞ்சு: தோலோடு மிதக்கும், உரித்தால் மூழ்கும். தோல் கூடுதல் எடைதானே என்று பிள்ளைகள் எதிர்மாறாகச் சொல்வார்கள். தோலில் காற்று நிறைந்திருப்பது காரணம். சில பழங்களில் சுளைகளுக்கு நடுவே காற்று தங்கி உரித்ததும்கூட மிதந்து தொலைக்கும், முதல்நாள் வீட்டில் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள். அலுமினியத் தாளில் படகு செய்து எத்தனை புளியங்கொட்டை தாங்குகிறது என்று போட்டி வைக்கலாம், அதே தாளைக் கசக்கிப் போட்டால் மூழ்கும் என்று காட்ட நினைத்தால் சுத்தியலால் நசுக்கிவிட்டுப் போடுங்கள், கையால் கசக்கினால் உள்ளே காற்று இருந்து மிதக்கும்.

மஞ்சள் தாள் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: மஞ்சள்தூளைக் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவைத்து, சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து எழுதினால் சிவப்பாக எழுத்து வரும், எலுமிச்சைச் சாறு தொட்டால் திரும்ப மஞ்சள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு கலந்ததும் சிவப்பதும் இதே சங்கதி, ஆனால் வகுப்பில் சுண்ணாம்பைக் கொண்டுவராதீர்கள், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்தால் இதே மாதிரி நிறம் மாறும் இன்னொரு தாள் தயார். பூவரசம் இலை பீப்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகள் நமக்கே சொல்லிக்கொடுப்பார்கள். நீளமாகச் சுருட்டினதா குட்டையாகச் சுருட்டினதா, எது கீச்சென்று கத்தும் என்று மட்டும் கேளுங்கள்.

காசே இல்லாமல் வருஷம் முழுக்க ஓடக்கூடியது நிழல். மைதானத்தில் ஒரு குச்சியை நேராக நட்டு, காலை பிரேயர் முடிந்ததும், இன்டர்வலிலும், சாப்பாட்டு நேரத்திலும், வீட்டுக்குப் போகும்போதும் நிழல் நுனியில் ஒரு கல் வைக்க வேண்டும், அவ்வளவுதான். உச்சி வெயிலில் நிழல் எந்தப் பக்கம் விழும்? ஜனவரியில் வடக்கே விழும், ஜூலையில் தெற்கே விழும். ஏனென்றால் வெயில் காலத்தில் நம் ஊரில் நடுப்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. நடுவில் வருஷத்துக்கு இரண்டு நாள் நிழலே இருக்காது. ஏப்ரலில் வரும் நாள் பரீட்சை, விடுமுறை என்று போய்விடும், ஆகஸ்டில் வருவதைப் பிடிக்கலாம்: சென்னையில் 18 வாக்கில், மதுரையில் 27 வாக்கில், கன்னியாகுமரியில் செப்டம்பர் 1 ஒட்டி. சரியாக 12 மணிக்கு நடக்காது, சென்னையில் பத்து நிமிடத்துக்கு மேல் தாண்டி, கோவைப் பக்கம் 12.20க்கு மேல். மேகம் மறைத்தால் போச்சு, அதனால் முன்னும் பின்னும் இரண்டு நாள் சேர்த்தே பாருங்கள், நிழல் ரொம்பக் குட்டையாக இருப்பதாவது தெரியும். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

ஆபத்து என்று பேச்சு வந்துவிட்டதால்: பல்பு எரிய வைக்க 1.5 வோல்ட் டார்ச் செல் மட்டும், சுவர் பிளக்கில் எதையும் செருகக் கூடாது என்பதை அன்றைக்கே அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வகுப்பில் செய்ததை வீட்டில் பெரிதாகச் செய்து பார்ப்பதுதான் பிள்ளை. பொத்தான் மாதிரியான சின்ன செல் வகுப்புக்குள்ளேயே வேண்டாம், விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும். பாதரசத் தெர்மாமீட்டர் வேண்டாம்.

நோட்டு விஷயம் ஒன்று. ரஃப் நோட்டில் இரண்டு கட்டம்: "நான் நினைத்தது", "நடந்தது". சோதனை முடிந்ததும் ரப்பர் கேட்பார்கள், தாங்கள் நினைத்ததை அழித்துவிட்டு நடந்ததையே முதல் கட்டத்திலும் எழுதுவதற்கு. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் முதலில் கேட்கும். ரப்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு கட்டமும் வேறுவேறாக இருக்கும் பக்கத்துக்குத்தான் நட்சத்திரம் போடுங்கள், ஒரு மாதத்தில் பழக்கம் மாறும்.

பாடம் முடிக்க வேண்டுமே, ஆய்வுக்கு வருபவர் கேட்பாரே என்ற பயம் உங்களுக்கு மட்டும் இல்லை. 1972ல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் இதே மாதிரி கையால் செய்தே அறிவியல் படிக்கும் திட்டம் தொடங்கினார்கள். பரீட்சைக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம், செய்முறையும் உண்டு, மனப்பாடத்துக்கு மார்க் இல்லை. 2002ல் மாநில அரசு நிறுத்தும்வரை முப்பது வருஷம் ஓடியது. கான்பூர் ஐஐடியில் படித்த அரவிந்த் குப்தா தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூப்பும் வைத்துப் பொம்மை செய்ய ஆரம்பித்தது அங்கே போய் இருந்தபோதுதான். அவருடைய இணையதளத்தில் எல்லாம் இலவசம். நம் ஊரிலும் பாட அட்டைகளை வைத்துப் பிள்ளைகள் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்க வந்தது. அட்டைகள் அருமையாக இருந்தன, ஆனால் பல வகுப்பறைகளில் செயல் போய் அட்டையைப் பார்த்து எழுதுவது மட்டும் மிஞ்சியது என்பது என் அபிப்பிராயம். பாடம் முடிப்பதற்கு என் யோசனை: வாரத்துக்கு ஒரே ஒரு சோதனை, அதையும் அந்த வாரப் பாடத்தோடு ஒட்டினதாகப் பார்த்து எடுங்கள். தமிழ்ப் பாடவேளையில் அதையே ஐந்து வரி எழுதச் சொல்லலாம், கணக்குப் பாடவேளையில் அளந்ததைக் கூட்டிக் கழிக்கலாம். நேரம் தானாக வந்துவிடும்.

வருகிற திங்கட்கிழமையே தொடங்குவதென்றால் பயறில் தொடங்குங்கள், திங்கள் போட்டால்தான் சனி ஞாயிறு குறுக்கே வராமல் வெள்ளிக்குள் வித்தியாசம் தெரியத் தொடங்கும். ஒரு கைப்பிடி பச்சைப்பயறை ஞாயிறு ராத்திரி ஊறப்போட்டு எடுத்துப் போங்கள். மளிகைக் கடையில் முழுப்பயறாக வாங்க வேண்டும், உடைத்த பருப்பு முளைக்காது. சொல்லப்போனால் அதையும் நாலு போட்டு வைத்து, முளைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.